பிள்ளையின் தட்டு... பெற்றோரின் பை!

குழந்தைகள் நல மருத்துவரிடம் காய்ச்சலுக்குப் போனாலும் சரி, தடுப்பூசிக்குப் போனாலும் சரி, எழுந்து வருவதற்கு முன்பு பல அம்மாக்கள் சொல்லும் புகார் ஒன்று உண்டு: "டாக்டர், இவன் சாப்பிடவே மாட்டேங்கிறான். பசி எடுக்கிற மாதிரி ஏதாவது டானிக் எழுதிக் குடுங்க."

சாப்பிடாத அந்தப் பிள்ளை காலையிலிருந்து என்ன உள்ளே தள்ளினான் என்று கேட்டால் கணக்கு வேறு மாதிரி இருக்கும். எழுந்ததும் ஒரு டம்ளர் பால், அதில் இரண்டு ஸ்பூன் சத்து பவுடர், மேலே சர்க்கரை. பத்து மணிக்கு நாலு பிஸ்கட். பதினொன்றரைக்குப் பக்கத்து வீட்டு ஆயா கொடுத்த முறுக்கு. அழுததற்கு ஒரு சாக்லேட். அழாமல் இருந்ததற்கு இன்னொன்று. ஒரு மணிக்குப் பருப்புச் சாதத்தைப் பிசைந்துகொண்டு அம்மா வரும்போது, வாயை இறுக மூடிக்கொள்கிறான். பசி எங்கே இருந்து வரும்?

பிள்ளைக்கு நல்ல சாப்பாட்டுப் பழக்கத்தைக் கற்றுத்தருவது பெற்றோரின் பொறுப்பு என்று எல்லோரும் சொல்கிறோம். மேடையிலும் சொல்கிறோம், பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்திலும் சொல்கிறோம். அந்தப் பொறுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில்தான் தமிழ்க் குடும்பங்களில் பெரிய குழப்பம். தட்டைக் காலி செய்ய வைப்பதுதான் பொறுப்பு என்று நினைக்கிறோம். அதற்காகத் துரத்துகிறோம், மிரட்டுகிறோம், செல்போனில் பாட்டு போடுகிறோம். ஆனால் அந்தத் தட்டுக்கு எதெல்லாம் வந்து சேர வேண்டும் என்ற முடிவை மட்டும் கடைக்காரரிடமும் விளம்பரத்திடமும் விட்டுவிடுகிறோம். பொறுப்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

ஒரே வீட்டில் இரண்டு நோய்

முதலில் நிலவரம். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. அதே கணக்கெடுப்பு, அதே தமிழ்நாடு: பெண்களில் சுமார் 40 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் அதிக எடை கொண்டவர்கள். ரத்தத்தில் இரும்பு போதாத பிள்ளையும் இடுப்பில் சதை கூடிய அப்பாவும் ஒரே சமையலறையில் சாப்பிடுகிறார்கள். வயிறு நிறைகிறது, சத்து சேரவில்லை.

2016-18 காலகட்டத்தில் நாடு முழுவதும் நடந்த விரிவான ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு இன்னொரு அதிர்ச்சியைத் தந்தது. ஐந்து வயதைத் தாண்டிய குழந்தைகளிலும் வளரிளம் பருவத்தினரிலும் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோயின் முந்தைய நிலை இருந்தது. 2025-ல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கையின்படி, உலக அளவில் 5 முதல் 19 வயது வரையிலானவர்களில் உடல் பருமன் உள்ளவர்கள் 9.4 சதவீதம், எடை குறைந்தவர்கள் 9.2 சதவீதம். பருமன் முந்தியது இதுவே முதல் முறை. தெற்காசியாவில் இன்னும் எடைக்குறைவுதான் அதிகம் என்பது ஆறுதல் அல்ல. நமக்கு இரண்டு பிரச்னையும் சேர்ந்தே இருக்கிறது.

சிகாகோவின் 34 தட்டுகள்

குழந்தைக்குத் தன் வயிற்றின் அளவு தெரியுமா? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் மறக்க முடியாதவர் கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவர். 1920-களில் கிளீவ்லேண்டில் தொடங்கி, பிறகு சிகாகோவில் பல ஆண்டுகள் அவர் ஓர் ஆய்வை நடத்தினார். தாய்ப்பால் மறந்த கைக்குழந்தைகள் 15 பேர். வறுமையால் வளர்க்க முடியாத தாய்மார்களின் பிள்ளைகள். இன்றைக்கு இப்படியோர் ஆய்வுக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது, தரவும் கூடாது. ஆனால் அதில் கிடைத்த செய்தி இன்றும் நிற்கிறது.

மொத்தம் 34 வகை உணவுகள். வேகவைத்த காய்கறி, பழம், முட்டை, மீன், இறைச்சி, ஈரல், கோதுமை, ஓட்ஸ், பால், புளித்த பால். எதிலும் சர்க்கரை இல்லை. உப்புகூடத் தனிக் கிண்ணத்தில்தான். வேளாவேளைக்கு இவற்றில் சிலவற்றைத் தனித்தனிக் கிண்ணங்களில் குழந்தையின் முன்னால் வைப்பார்கள். செவிலிக்கு ஒரே கட்டளை: சும்மா உட்கார வேண்டும். குழந்தை எதை நோக்கிக் கை நீட்டுகிறதோ அதை மட்டும் ஒரு கரண்டி எடுத்து நீட்டலாம். "இது நல்லாருக்கும், சாப்பிடு" என்று சொல்லக் கூடாது. அதிகம் தின்றாலும் முகம் சுளிக்கக் கூடாது.

ஒரு குழந்தை ஒரு வேளை முட்டையாகத் தின்றது. இன்னொன்று வாழைப்பழமாகத் தள்ளியது. வேளைக்கு வேளை பார்த்தால் எந்த ஒழுங்கும் இல்லை. மாதக்கணக்கில் பார்த்தால் எல்லாக் குழந்தைகளும் நன்றாக வளர்ந்திருந்தன. எலும்பை வளைக்கும் ரிக்கெட்ஸ் நோயோடு வந்த ஒரு குழந்தை, கிண்ணத்தில் இருந்த மீன் எண்ணெயைத் தானாகவே குடித்தது. நோய் தேறியதும் நிறுத்திக்கொண்டது.

இதைக் கேட்டதும், "அப்படியென்றால் பிள்ளை கேட்பதையெல்லாம் கொடுத்துவிடலாமே" என்று தோன்றும். டேவிஸ் அந்த வழியை அன்றே அடைத்துவிட்டார். சூட்சுமம் முழுவதும் அந்த 34 உணவுகளின் பட்டியலில்தான் இருக்கிறது என்று 1939-ல் கனடாவின் மருத்துவ இதழில் வெளியான தன் உரையில் அவரே விளக்கினார். பட்டியலைப் போட்டது பெரியவர்கள். அதற்குள் தேர்ந்தெடுத்தது குழந்தைகள். பட்டியலில் கேக்கும் மிட்டாயும் இருந்திருந்தால் கதை மாறியிருக்கும். அதையும் சோதித்துப் பார்க்க அவருக்கு ஆசை. பொருளாதாரப் பெருமந்தம் வந்து ஆய்வுக்கான பணத்தை முடக்கிவிட்டது. அவர் செய்ய முடியாமல் போன அந்த இரண்டாவது சோதனையை இன்று பிஸ்கட் கம்பெனிகள் நம் வீட்டுப் பிள்ளைகளை வைத்து நடத்திக்கொண்டிருக்கின்றன.

பின்னாளில் எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் இதையே ஒரு வேலைப் பிரிவினையாக வகுத்தார். எது, எப்போது, எங்கே என்பதைப் பெற்றோர் முடிவு செய்ய வேண்டும். சாப்பிடலாமா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளையின் உரிமை. நம் வீடுகளில் நடப்பது சரியாக இதற்கு எதிர்ப்பதம். "என்ன செல்லம் வேணும்? தோசையா, நூடுல்ஸா?" என்று மூன்று வயதுப் பிள்ளையிடம் கேட்கிறோம். அவன் நூடுல்ஸ் என்றதும் செய்து கொடுத்துவிட்டு, "ஒரு வாய்கூட மிச்சம் வைக்கக் கூடாது" என்று அளவை நாம் தீர்மானிக்கிறோம்.

"இன்னும் ஒரே ஒரு வாய்!"

பிறக்கும்போது மூன்று கிலோ இருந்த குழந்தை, முதல் பிறந்தநாளில் ஏறக்குறைய ஒன்பது கிலோ. மூன்று மடங்கு! அதற்கடுத்த ஓர் ஆண்டில் கூடுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சியின் வேகம் குறைகிறது, பசியும் அதோடு குறைகிறது. இது இயற்கை. ஆனால் இதை நமக்கு யாரும் சொல்லிவைப்பதில்லை. "போன மாசம் வரைக்கும் நல்லா சாப்பிட்டவன், நடக்க ஆரம்பிச்சதும் தொட மாட்டேங்கிறான்" என்று பாட்டி ஆரம்பிப்பார். அன்றிலிருந்து கிண்ணமும் கையுமாகத் துரத்தல் தொடங்கும். நம் ஊரில் கொழுகொழு என்று இருந்தால்தான் குழந்தை. ஒல்லியாக இருந்தால், "அம்மா சரியாப் பாத்துக்கலையா?" என்று கல்யாண வீட்டில் யாராவது கேட்டுவிடுவார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பாதி ஊட்டல்.

ஊட்டி வளர்ப்பதில் குற்றம் எதுவும் இல்லை. நிலாச்சோறு நம் சொத்து. மொட்டை மாடியில் அக்கா, தங்கை, அத்தை பிள்ளைகள் சுற்றி உட்கார, பாட்டி உருட்டிக் கையில் வைப்பார். வேண்டுமென்றால் கை நீட்டலாம், போதுமென்றால் ஓடிவிடலாம். செல்போனைக் கையில் கொடுத்து, கண் அதில் இருக்கும்போது வாயில் திணிப்பது அந்த வகை அல்ல. என்ன தின்கிறோம், போதுமா, போதாதா என்று எதுவும் அறியாமல் வாய் மட்டும் திறந்து மூடுகிறது. வயிறு நிறைந்தது என்ற தகவலைக் கவனிக்கவே பிள்ளைக்கு நாம் வாய்ப்பு கொடுப்பதில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஊட்டும்போது அதன் பசி, நிறைவு அறிகுறிகளைக் கவனித்து ஊட்டுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முகத்தைத் திருப்பிக்கொள்வதும் கையால் தட்டிவிடுவதும் அடம் அல்ல, அறிகுறி.

வற்புறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஆய்வுகள் இருக்கின்றன. லியான் பர்ச் என்ற உளவியலாளர் தன் வாழ்நாள் முழுவதும் சின்னப் பிள்ளைகளின் சாப்பாட்டு விருப்பங்களை ஆராய்ந்தவர். அவரும் சகாக்களும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், சூப்பை முடி, முடி என்று வற்புறுத்தப்பட்ட பிள்ளைகள் வற்புறுத்தப்படாதவர்களைவிடக் குறைவாகவே சாப்பிட்டார்கள், அதைப் பற்றிக் குறையும் அதிகம் சொன்னார்கள். கண்ணெதிரே வைத்துவிட்டு எடுக்க விடாத தின்பண்டத்தின் மீது ஆசை கூடியது என்று 1999-ல் வந்த இன்னோர் ஆய்வு காட்டியது. பரிசாகக் கொடுக்கும் பண்டம் பிள்ளைக்கு மேலும் பிடித்துப்போகிறது. பரிசுக்காகச் சாப்பிட வைத்த பண்டம் பிடிக்காமல் போகிறது.

இப்போது நாம் தினமும் சொல்லும் வாக்கியத்தை யோசித்துப் பாருங்கள். "கீரையைச் சாப்பிட்டா சாக்லேட் தருவேன்." ஒரே வரியில் கீரையைத் தண்டனையாகவும் சாக்லேட்டைப் பதக்கமாகவும் ஆக்கிவிடுகிறோம்.

கீரை பிடிக்க வேண்டுமானால் வேறு வழியே இல்லை: அது அடிக்கடி கண்ணில் பட வேண்டும், நாக்கில் பட வேண்டும். இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை புதிய உணவைக் கண்டு ஒதுங்குவது பல பிள்ளைகளுக்கும் உண்டு. பத்து முறை, பதினைந்து முறை சின்னச் சின்ன அளவில் ருசி பார்த்த பிறகுதான் பல காய்கள் பழகுகின்றன. நாம் மூன்றாவது முறையிலேயே, "இவனுக்குப் பீட்ரூட் ஆகாது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு சில வீடுகளில் கல்யாணம் வரைக்கும் செல்லும். மருமகளிடமே ஒப்படைப்பார்கள்: "அவனுக்குப் பாகற்காய் பிடிக்காதும்மா."

இந்தப் பழக்கம் தொட்டிலுக்கும் முன்பே தொடங்குகிறது. 2001-ல் ஜூலி மென்னெல்லாவின் குழு வெளியிட்ட ஆய்வில், கர்ப்ப காலத்திலோ பாலூட்டும் காலத்திலோ கேரட் சாறு குடித்த தாய்மார்களின் குழந்தைகள், பின்னர் கேரட் கலந்த கூழைச் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டார்கள். தாய் தின்ற ருசி பனிக்குட நீரிலும் பாலிலும் இறங்குகிறது. நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்ற பெயரில் பல காய்களை மாதக்கணக்கில் நிறுத்திவைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். பூண்டும் மிளகும் கொடுங்கள், கூடவே காய்கறியையும் கொடுங்கள்.

இன்னோர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. பர்ச் 1980-ல் செய்தது. ஒரு காயை விரும்பாத பிள்ளையை, அதை விரும்பித் தின்னும் பிள்ளைகளோடு சில நாள் ஒரே மேசையில் உட்கார வைத்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒதுக்கிய காயைப் பிள்ளை எடுக்க ஆரம்பித்தது. வீட்டில் கேரட்டைப் பொறுக்கி ஒதுக்கும் பிள்ளை, பள்ளிச் சத்துணவுக் கூடத்து வரிசையில் உட்கார்ந்து சாம்பாரில் கிடக்கும் கேரட்டைத் தின்பதன் ரகசியம் இதுதான். அதே காரணத்தால்தான் அப்பாவின் தட்டும் முக்கியமாகிறது. பொரியலைத் தொடாமல், இரவு ஒன்பதரைக்குப் பார்சல் பரோட்டாவைப் பிரிக்கும் அப்பா, காய்கறியின் அருமையைப் பற்றி எவ்வளவு பேசினாலும் எடுபடாது. ஊட்டுவது அம்மாவின் வேலை, கண்டிப்பது அப்பாவின் வேலை என்ற பழைய பங்கீட்டில் சாப்பிட்டுக் காட்டும் வேலையை யாருமே எடுத்துக்கொள்வதில்லை.

பையில் விழுவது என்ன?

பட்டியல் போடுவது பெரியவர்களின் வேலை என்றால், அந்தப் பட்டியல் எழுதப்படும் இடம் மளிகைக்கடை. பிள்ளையின் உடம்பை முடிவு செய்வது அங்கே நிற்கும் பத்து நிமிடம். ஏமாறுவதற்கும் அதுவே தோதான இடம்.

'ஹெல்த் டிரிங்க்' என்பதை எடுத்துக்கொள்வோம். இந்திய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகையே கிடையாது. 2023-ல் ஓர் இளைஞர் சமூக ஊடகத்தில் போர்ன்விட்டாவில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று பேசிப் போட்ட வீடியோ பெரும் விவாதமானது. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இந்த வகைப் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' பிரிவில் காட்ட வேண்டாம் என்று இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. அதே மாதம் ஹார்லிக்ஸும் தன் பிரிவின் பெயரை மாற்றிக்கொண்டது. பெயர்தான் மாறியது. டப்பா அதே அலமாரியில்தான் இருக்கிறது.

அதே ஏப்ரலில்தான் சுவிட்சர்லாந்தின் 'பப்ளிக் ஐ' அமைப்பு, இந்தியாவில் விற்கும் செரிலாக் குழந்தை உணவுகளில் ஒரு வேளைக்குச் சராசரியாக மூன்று கிராம் அளவுக்குச் சர்க்கரை சேர்க்கப்படுவதாகவும், ஐரோப்பாவில் அதே நிறுவனம் விற்கும் அதே ரகத்தில் சேர்ப்பதில்லை என்றும் அறிக்கை வெளியிட்டது. இரண்டு வயது வரை குழந்தையின் உணவில் சர்க்கரை சேர்க்கவே வேண்டாம் என்பது இந்தியக் குழந்தைகள் மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி, ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரைக்கு 25 கிராம் என்று வரம்பு சொல்கிறது. ஒரு 250 மில்லி கோலா பாட்டிலிலேயே அது தீர்ந்துவிடும்.

லேபிளைப் படித்து வாங்குங்கள் என்கிறார்கள். சரிதான். உட்பொருள் பட்டியலில் எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. முதல் மூன்று பெயர்களுக்குள் சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், மால்ட்டோடெக்ஸ்ட்ரின், பாமாயில் என்று இருந்தால் அந்தப் பாக்கெட்டைத் திரும்ப வைத்துவிடலாம். ஆனால் இந்த விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது சட்டம். தமிழில் அச்சிடுவது கம்பெனியின் விருப்பம். விளம்பரம் மட்டும் சுத்தத் தமிழில் வரும், நம் ஊர் நடிகையே வந்து பேசுவார். உள்ளே என்ன இருக்கிறது என்பது கடுகு எழுத்தில், ஆங்கிலத்தில். உசிலம்பட்டியில் ஐந்து ரூபாய் பாக்கெட் வாங்கும் ஒரு தாயிடம் லேபிளைப் படியுங்கள் என்று உபதேசிப்பவர்கள் இதையும் கேட்க வேண்டும்.

சிலி நாட்டில் 2016 முதல், சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பாக்கெட்டின் முகப்பிலேயே கறுப்பு எண்கோண முத்திரை உண்டு. அந்தப் பாக்கெட்டில் குழந்தைகளை இழுக்கும் கார்ட்டூன் பொம்மை போட முடியாது. இங்கே முகப்பு எச்சரிக்கை பற்றி ஆண்டுக்கணக்கில் பேச்சு நடக்கிறது. உச்ச நீதிமன்றமே 2025-ல் கெடு விதித்துக் கேட்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜி.எஸ்.டி. விகிதம் மாற்றப்பட்டபோது பிஸ்கட், சாக்லேட், நூடுல்ஸ் மீதான வரி ஐந்து சதவீதத்துக்கு இறங்கியது. குளிர்பானங்களை மட்டும் 40 சதவீதத்தில் வைத்தார்கள். நுகர்வோருக்கு லாபம் என்று கொண்டாடினோம்.

பள்ளிக்கூட வாசலுக்கும் சட்டம் இருக்கிறது. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்கிறது 2020-ம் ஆண்டின் விதி. மாலை நாலு மணிக்கு எந்தப் பள்ளி வாசலில் வேண்டுமானாலும் நின்று பாருங்கள். 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி என்ற துணிச் சாயம் கலந்திருந்ததால் தமிழ்நாடு அரசு பஞ்சுமிட்டாயைத் தடை செய்தது நல்ல காரியம். பேக்கரி கண்ணாடிக்குள் இருக்கும் மற்ற வண்ணங்கள் அப்படியேதான் இருக்கின்றன.

எல்லாவற்றையும் பெற்றோர் தலையில் கட்டிவிட முடியாது என்பதற்காகத்தான் இவ்வளவும். இரண்டு பேரும் வேலைக்குப் போனால்தான் அடுப்பெரியும் வீட்டில், காலை ஏழு மணிக்கு யார் நின்று சமைப்பது? இதைப் புரிந்துகொண்ட வரலாறு தமிழ்நாட்டுக்கு உண்டு. காமராஜர் 1956-ல் மதிய உணவைக் கொண்டுவந்தார், எம்.ஜி.ஆர். 1982-ல் அதைச் சத்துணவாக விரித்தார், 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறி சாம்பார். பல தனியார் பள்ளிப் பிள்ளைகளின் காலை பிஸ்கட்டைவிட இது எவ்வளவோ மேல். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். உண்மை அதுதான்.

ஆனால் வசதியும் நேரமும் இருக்கிற வீடுகள் அரசைக் கைகாட்டித் தப்பிக்க முடியாது. அங்கே டப்பா நிறைய வாங்கி வைத்துவிட்டு, பிள்ளை திறக்கும்போது மட்டும் திட்டுகிறோம். பீரோவுக்கு மேல் ஒளித்துவைத்தால் நாற்காலி போட்டு ஏறுவான். ஒளிப்பதைவிட வாங்காமல் இருப்பது எளிது. பிறந்தநாளுக்குக் கேக் உண்டு, தீபாவளிக்கு அதிரசம் உண்டு, எப்போதாவது வெளியே போனால் ஐஸ்கிரீமும் உண்டு. அதெல்லாம் விசேஷம். தினசரி வாசலுக்குள் வரும் பட்டியல்தான் கேள்வி.

அந்தப் பட்டியலுக்கு விலை உயர்ந்த எதுவும் தேவையில்லை. கொண்டைக்கடலை, பாசிப்பயறு, வேர்க்கடலை, எள்ளுருண்டை, முட்டை, கொய்யா, நெல்லிக்காய், பருவத்துக்கு ஒரு பழம். பள்ளி விட்டு வந்ததும் ஒரு கிண்ணம் சுண்டல். முருங்கைக் கீரையோடு கொஞ்சம் எலுமிச்சை சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ கொடுத்தால் அது தடைப்படும். சாப்பாட்டுக்கும் நொறுக்குக்கும் நேரம் குறித்து, நடுவில் தண்ணீர் மட்டும் என்று வைத்துப் பாருங்கள். பாட்டி, தாத்தா, பக்கத்து வீட்டு ஆயா எல்லோரிடமும் இதைச் சண்டை இல்லாமல் பேசி வையுங்கள். கடினமான பகுதி உண்மையில் அதுதான்.

பயம் இருந்தால் தடுப்பூசி அட்டையில் உள்ள வளர்ச்சிக் கோட்டைப் பாருங்கள். எடையும் உயரமும் தன் கோட்டிலேயே ஏறிக்கொண்டிருந்தால் பிள்ளைக்குப் போதுமானது உள்ளே போகிறது. கோடு படுத்தாலோ, எடை இறங்கினாலோ, விழுங்கவே சிரமப்பட்டாலோ, உணவின் பதத்துக்கே வாந்தி எடுத்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். மற்றபடி டானிக் கேட்காதீர்கள்.

இந்த மாத மளிகைச் சீட்டை எழுதும்போது பிள்ளைக்கென்று வாங்கும் பாக்கெட்டுகளைத் தனியாக ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகையில் பாதியைப் பழத்துக்கும் பயறுக்கும் முட்டைக்கும் மாற்றுங்கள். நீங்களும் கூட உட்கார்ந்து அதையே சாப்பிடுங்கள். அவன் பாதியில் எழுந்து போனால் போகட்டும், விட்டுவிடுங்கள்.